சிலையும் பீடமும்

சிலையை அகற்றினால் சரித்திரம் அழிந்துபோகும் என்ற வாதத்தில் அடிப்படையான குழப்பம் ஒன்று இருக்கிறது. சிலை சரித்திரமல்ல, சரித்திரத்தைப் பற்றி ஒரு சாரார் சொன்ன அபிப்பிராயம். கல்வெட்டு மெய்க்கீர்த்தியைப் போல அதுவும் ஒரு புகழ்ச்சிதான். மெய்க்கீர்த்தியை இன்று நாம் ஆதாரமாகப் படிக்கிறோம். அரசனை வாழ்த்துவதற்காக அல்ல. நடுத்தெருவில் பீடத்தின் மேல் நிற்கும் சிலையோ படிக்க விடுவதில்லை. அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது.

சென்னை மவுண்ட் ரோடில் நின்ற ஜெனரல் நீல் 1857இல் கான்பூரில் கைதிகளைத் தூக்கிலிடுமுன், கொலை நடந்த இடத்தின் தரையிலிருந்த ரத்தத்தை நக்கவைத்தவர். சிலை இதைச் சொல்லவில்லை. 1927இல் தொண்டர்கள் அதைத் தாக்கிச் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி மந்திரிசபை அதை அகற்றியது. எழும்பூர் மியூசியத்துக்குப் போயிற்று. நியாயமான காரியம்தான். ஆனால் மியூசியத்திலும் நீல் நிமிர்ந்தே நிற்கிறார். இடம் மாறியதே தவிர தோரணை மாறவில்லை.

பிரிஸ்டலில் நடந்தது வேறு. அடிமை வியாபாரத்தில் பங்குகொண்ட கால்ஸ்டனுக்கு, அவர் இறந்து 174 வருஷம் கழித்து, 1895இல் சிலை வைத்தார்கள். 2020 ஜூன் 7 அன்று கூட்டம் அதைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியது. வெளியே எடுத்தவர்கள் சேற்றைக் கழுவினார்கள். கூட்டம் பூசிய பெயிண்டை அப்படியே காப்பாற்றினார்கள். மியூசியத்தில் சிலையைப் படுக்கவைத்தே காட்டுகிறார்கள். 1895, 2020 இரண்டும் ஒரே வெண்கலத்தில் தெரிகின்றன: பிரதியும், அதன் மேலேயே எழுதப்பட்ட விமர்சனமும்.

கூட்டம் உடைப்பதெல்லாம் விமர்சனமாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. 2019இல் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையை உடைத்ததும் ஒரு கூட்டம்தான். ஒரு கை, மேலே நிற்பவனை இறக்குகிறது. மற்றொரு கை, இப்போதுதான் எழுந்து நின்றவனை மறுபடி உட்காரச் சொல்கிறது. இரண்டையும் ‘சிலை உடைப்பு’ என்ற ஒரே சொல்லில் அடைப்பவர்கள் நடுநிலைமை என்ற பெயரில் பார்க்க மறுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் அம்பேத்கர் இன்று இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். என்றாவது அந்தக் கூண்டுகளை அகற்றும் நாள் வந்தால், ஒன்றையாவது மியூசியத்தில் வைக்கவேண்டும். நம்மைப் பற்றிய அபிப்பிராயம் சிலையில் இல்லை. அந்தக் கம்பிகளில் இருக்கிறது.