ஜெயங்கொண்டத்தின் பதின்மூன்றாவது எண்

"இங்க நல்லாத்தானே வருது?" தட்டச்சுக் கடைகளிலும் அச்சகங்களிலும் அன்றாடம் காதில் விழும் கேள்வி இது. ஆண்டிமடத்தில் ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையைப் பென் டிரைவில் போட்டு ஜெயங்கொண்டத்துக்கோ விருத்தாசலத்துக்கோ கொண்டுபோய்த் திறந்தால், எழுத்து உடைந்து நிற்கும். இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகத் தெரியும்.

தொழிலில் இருப்பவர்கள் இதற்குச் சட்டென்று ஒரு வழி சொல்வார்கள். ஃபாண்ட்டையும் சேர்த்துக் கொடு; கோரல்டிரா என்றால் கீழ் வெர்ஷனில் சேவ் பண்ணு; அதுவும் ஆகாவிட்டால் கர்வ் போட்டு அனுப்பு. அந்தக் கணினியை இந்தக் கணினி மாதிரியே ஆக்கிவிட வேண்டும், அல்லது கணினியை நம்பியிருக்கும் நிலையே இல்லாமல் செய்துவிட வேண்டும். பெருநகர மென்பொருள் நிறுவனங்கள் செய்வதும் வேறல்ல. 2013-இல் வெளிவந்த டாக்கர், ஒரு நிரலை அது ஓடத் தேவையான நூலகங்கள், அமைப்புகள் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டி அனுப்பும். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்று பொறியாளர் சொன்னால், மெஷினையே பொட்டலமாக்கி அனுப்பிவிடலாம் என்பதுதான் அதன் அடிப்படை.

இந்த வழக்கத்தை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. முகூர்த்த நாள் யாருக்காகவும் தள்ளிப் போகாது. கர்வாக மாற்றிய எழுத்து வெறும் கோட்டு வடிவம். எந்த அச்சகத்திலும் ஒரே மாதிரி விழும். பழுது தேடும் கோணத்தில் இன்னொரு பயனும் உண்டு. இரண்டு கணினிகளையும் ஒன்றுபோல் ஆக்கியதும் கோளாறு மறைந்தால், அது கோப்பில் மட்டும் இல்லை, சூழலையும் சார்ந்தது என்று உறுதியாகிறது. அது நல்ல தடயம். ஆனால் வேலை முடிந்த நிமிடமே அந்தத் தடயத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். எந்த வேறுபாடு கோளாறைத் தந்தது என்று யாரும் அதற்குப் பிறகு கேட்பதில்லை. என் முதல் மனக்குறை அதுதான்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. இரண்டு கணினிகள் ஒத்துப்போகின்றன என்பதாலேயே இரண்டும் சரி என்று ஆகிவிடாது. 03/04/2024 என்ற தேதியை இந்திய அமைப்புள்ள கணினி ஏப்ரல் 3 என்று படிக்கும், அமெரிக்க அமைப்புள்ளது மார்ச் 4 என்று படிக்கும். சண்டை வேண்டாம் என்று இரண்டிலும் அமெரிக்க அமைப்பை வைத்துவிட்டால் வேறுபாடு மறைந்துபோகும், தவறு மட்டும் இரண்டிலும் தங்கிவிடும். கணினிகளுக்குள் வரும் முரண்பாடு உண்மையில் ஓர் எச்சரிக்கை. அதன் வாயை அடைப்பதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் தமிழில் இந்த வழக்கத்தின் போதாமை முழுதாகத் தெரிவது, எழுத்துருவும் ஒன்றாக இருந்து, யூனிகோடும் வந்த பிறகு எழும் கோளாறுகளில்தான். அதைப் பார்க்க ஆண்டிமடத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெயரே போதும்.

1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 'ஜெயங்கொண்டம்' என்று எழுதினால் கணினிக்குள் 12 எண்கள் வரிசையாக நிற்கும். நடுவில் உள்ள 'கொ' இரண்டு எண்கள்: ககரத்துக்கு 2965, ஒகரக் குறிக்கு 3018. இதே 'கொ'வை வேறு வழியிலும் எழுதலாம்: 2965, ஒற்றைக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006. அப்போது அதே ஊர்ப் பெயர் 13 எண்களாகிவிடும். நல்ல எழுத்துரு உள்ள திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு தரமும் சொல்கிறது. அப்படிச் சமமாக நடத்துவது மென்பொருளின் பொறுப்பு. சில மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. சில, எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, 'அப்படி ஒரு ஊர் இல்லை' என்கின்றன. ஒரே பட்டியலில் ஒரே பெயரைத் தேடி, ஒரு கணினியில் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காமல் போவது இப்படித்தான். இங்கே எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போட்டு என்ன பயன்? திரையில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

பதின்மூன்றாவது எண் எங்கிருந்து வருகிறது? பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பு, மெய், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளை அடிப்பார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும் கருவி வரிசையைத் திருத்திவிட்டு, கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் விட்டால் இந்த நிலை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையோ கோப்பின் பெயரில் வரும் 3018-ஐத் தானாகவே இரண்டாகப் பிரித்துச் சேமித்துவிடும். பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதும் பலருக்குப் பிடித்த வழி. பார்க்க ஒழுங்காக இருக்கும், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் கொம்பு ககரத்துக்கு முன்னால் தனியாகப் போய் நிற்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தச் சிக்கல் இரண்டு இடத்தில் வரும்: 'கொ', 'சோ'. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரித்துக் காட்டியவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, ஆண்டிமடமும் ஜெயங்கொண்டமும் உள்ள அதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. அவர் பிரித்ததால் படிப்பவருக்குக் குழப்பம் தீர்ந்தது. கணினிக்கு அந்தக் குறிகளை எண்ணாக்கும் பொறுப்பு நம்முடையது.

தமிழ் வேலை செய்கிறதா என்று பார்க்க நம்மில் பலர் முதலில் அடிக்கும் சொற்கள் 'தமிழ்', 'வணக்கம்'. இரண்டிலும் கொம்பு இல்லை. 'ஆண்டிமடம்' என்று அடித்தாலும் கொம்பு இல்லை. ஒன்பது எண்களும் எந்தக் கணினியிலும் அப்படியே நிற்கும். ஆண்டிமடத்தில் ஓடுவது ஜெயங்கொண்டத்தில் விழுகிறது என்றால், காரணம் கணினியாக இல்லாமல் சோதித்த சொல்லாகவும் இருக்கலாம். ஒத்த கணினிகளைத் தேடி அலைவதைவிட, ஒவ்வாத சொற்களைத் தேடிச் சோதிப்பது மலிவானது, பயனும் அதிகம்.

வேறுபாட்டை மறைக்காமல் அதையே துப்பாகப் பிடித்துப் போகும் முறை ஒன்று உண்டு. ஜெர்மானியக் கணினி அறிஞர் ஆந்திரியாஸ் செல்லர் 1999-இல் அதை ஒழுங்கான ஆய்வாக எழுதினார். ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியின் புதுப் பதிப்பு வந்ததும், அதன் மேல் ஓடிய இன்னொரு மென்பொருள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. இரண்டு பதிப்புகளுக்கும் இடையே மாறியவை 1,78,000 வரிகள். மாற்றங்களைப் பாகம் பாகமாகச் சேர்த்தும் நீக்கியும் ஓட்டிப் பார்க்கும் வேலையை நிரலிடமே விட்டார். கடைசியில் அகப்பட்டது, திரையில் வரும் ஒரு செய்தியில் ஒரு சொல்லை மாற்றிய சின்னத் திருத்தம். எல்லாவற்றையும் பழைய பதிப்புக்கே திருப்பியிருந்தால் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும். அந்த ஒரு சொல் மட்டும் வெளியே வந்திருக்காது. தட்டச்சுக் கடையிலும் இதைச் செய்யலாம்: கோப்பைப் பாதியாக வெட்டு, எந்தப் பாதி உடைகிறது பார், அதை மறுபடி வெட்டு. ஒரே ஒரு எழுத்தில் வந்து நிற்கும்.

பொட்டலம் கட்டும் முறைக்கு வேறொரு எல்லையும் உண்டு. சேவையகத்தின் சூழலைக் கட்டி அனுப்பலாம். படிப்பவர் கையில் இருக்கும் போனைக் கட்ட முடியாது. பொட்டலத்துக்குள்ளேயும் எல்லாம் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அளவைக் குறைக்க எழுத்துருக்களை நீக்கிய பொட்டலத்தில் தமிழ்ச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கினால் வெறும் கட்டங்களே வரும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாக.

தமிழக அரசும் இந்தச் சிக்கலை இரண்டு முறை நேராக எதிர்கொண்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாப், டாம் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாயின. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடும் அதோடு டேஸ்16-உம் அறிவிக்கப்பட்டன. டேஸ்16-இல் 'கொ' ஒரே எண். பதின்மூன்றாவது எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. அந்த வகையில் அது அழகான தீர்வு. ஆனால் யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கு விட்ட இடங்களில் அது அமர்ந்திருப்பதால், அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் மறுபடியும் கட்டங்கள். 'ஃபாண்ட்டையும் சேர்த்துக் கொடு' என்ற பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம். ஆகவே அன்றாடப் பரிமாற்றத்துக்கு யூனிகோடே சரி என்பது என் தீர்ப்பு. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு சொல்லையும் 3018 வழிக்கு ஒழுங்குபடுத்தியே சேமிக்க வேண்டும். நிரல் மொழிகள் பெரும்பாலானவற்றில் அதற்கான செயல்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வரியில் அழைத்துவிடலாம்.

அந்த ஒரு வரியும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 2014-இல் திரும்பி வந்த நடராசர் சிலைக்கு உரிய ஊர் ஸ்ரீபுரந்தான். அதுவும் இந்த மாவட்டம்தான். அதன் முதல் எழுத்தை 3000 என்ற ஸகரத்தாலும் தொடங்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 2998 என்ற ஶகரத்தாலும் தொடங்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். யூனிகோடு இவற்றைச் சமம் என்று சொல்வதில்லை. ஒழுங்குபடுத்தும் செயல்பாடும் தொடாமல் விட்டுவிடும். எந்த எண்ணில் சேமிப்பது, தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதா என்பதையெல்லாம் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்து நிரலில் எழுதியாக வேண்டும். அரியலூர் மாவட்டத்துக்கு மென்பொருள் எழுதுபவரின் சோதனைப் பட்டியலில் ஸ்ரீபுரந்தான் இரண்டு முறை இருக்க வேண்டும், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முறை.