ஓட்டியவன், பூட்டியவன்

'மசல் கார்' பைத்தியம் பிடித்த நண்பர்கள் நம் எல்லாருக்கும் இருக்கிறார்கள். ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாக லகாட் வரும் சாலையில் ஒரு பழைய மஸ்டாங் போனால், மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு அதன் சத்தம் ஓயும்வரை நிற்பார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்பே வேறொரு நாட்டில் ஓடி முடித்த வண்டிகள் அவை. வீட்டில் இருந்ததோ ஹோண்டா கப், கொஞ்சம் வசதி வந்தபின் ஒரு டட்சன். இருந்தும் அந்த ஏக்கம் பொய் இல்லை. ஒருநாளும் சொந்தமாக இல்லாத ஒன்றின் மேல் ஏக்கம் எப்படி வருகிறது? பாதிப் பதில் சினிமா காட்டியதில் இருக்கிறது. மீதி, அது காட்டாமல் விட்டதில்.

முதலில் வண்டி. 1963 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று தடை போட்டது. பந்தயத்தில் காட்ட முடியாத பலத்தைப் போன்டியாக்காரர்கள் தெருவில் காட்டினார்கள். நடுத்தர அளவுக் காருக்குள் 6.4 லிட்டர் இஞ்சினை இறக்கி 1964-இல் ஜிடிஓ என்று விட்டார்கள். பெயர்கூட ஃபெராரியின் பந்தயக் காரிடமிருந்து எடுத்தது. பிறகு பந்தய விதியே தெருவுக்குக் கார் அனுப்பியது. அன்று நாஸ்கார் பந்தயத்தில் ஒரு மாடல் ஓட வேண்டுமென்றால், அதைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கும் விற்க வேண்டியிருந்தது. 1969-இல் டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா அப்படி வந்ததுதான். கூர்மூக்கு, பின்னால் ஏறக்குறைய இரண்டடி உயர இறக்கை. 1970 மார்ச்சில் டல்லடேகா தடத்தில் அது மணிக்கு 200 மைலைத் தாண்டியது.

அதன் உடன்பிறப்பான பிளிமத் சூப்பர்பேர்ட் கடைகளில் விலைபோகாமல் நின்றது என்பதை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரணக் காராக மாற்றி விற்ற டீலர்களும் இருந்தார்கள். இன்று ஏலத்தில் அதே காருக்கு அடிதடி. அன்று யாரும் சீண்டாததை இன்று பொக்கிஷமாக்குவது ஏக்கத்தின் முதல் வேலை.

இரண்டாவது வேலையைப் பார்க்க 'புல்லிட்' படத்துக்குப் போக வேண்டும். 1968-இல் வந்தது. ஸ்டீவ் மெக்குயின் பச்சை மஸ்டாங்கில், வில்லன்கள் கறுப்பு சார்ஜரில், சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் பத்து நிமிடத்துக்கு மேல் துரத்தல். பேச்சு இல்லை. இஞ்சின் மட்டும் பேசுகிறது. அந்த மஸ்டாங் 2020 ஜனவரியில் 3.4 மில்லியன் டாலருக்கு ஏலம் போனது. ஓட்டியவனின் கை, கண், கழுத்து நரம்பு எல்லாம் நமக்கு மனப்பாடம்.

அதே 1968-இல், மே மாதம், டாட்ஜ் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த ஹாம்ட்ராம்க் ஆலையில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். பூட்டும் வரிசையின் வேகத்தைக் கம்பெனி கூட்டிக்கொண்டே போனது, மனிதக் கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. நிறுத்தத்துக்குப் பிறகு தண்டனை கறுப்பினத் தொழிலாளிகள் மீதே அதிகம் விழ, அவர்கள் டிரம் என்ற சுருக்கப் பெயரில் தனி இயக்கம் கண்டார்கள். ஆக அந்த வருசம் டாட்ஜில் இரண்டு வேகம் இருந்தது. ஒன்று திரையில் ஓடியது, மற்றொன்று ஆலைக்குள் ஆளை அரைத்தது. நாம் ஏங்குவது முதல் வேகத்துக்கு மட்டும்.

இதற்கு எதிர்ப்படம் என்று நான் சொல்வது பால் ஷ்ரேடரின் முதல் படமான 'புளூ காலர்', 1978. மூன்று கார் ஆலைத் தொழிலாளிகள், தலைக்கு மேல் கடன். தங்கள் சங்கத்தின் பணப்பெட்டியையே திருடப் போகிறார்கள். அதில் கார்கள் முழுசாகத் தெரிவதே குறைவு. கதவு வருகிறது, கூடு வருகிறது, பெயிண்ட் வருகிறது. அந்தப் பெயிண்ட் அறைக்குள்ளேயே ஒருவன் சாகிறான். 'புல்லிட்' பார்த்த கையோடு இதைப் பார்த்தால் இரண்டும் ஒரே பொருளைப் பற்றிய படங்கள் என்று நம்பவே சிரமமாக இருக்கும். ஒன்றில் கார் சுதந்திரம், மற்றதில் தவணை.

2001-இல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' வந்தபோது ஏக்கத்துக்கு ஓர் அப்பா கிடைத்தார். கொட்டகையில் நிற்கும் 1970 சார்ஜர், டொமினிக்கும் இறந்துபோன அவன் அப்பாவும் சேர்ந்து கட்டியது. அப்பா பந்தயத் தடத்தில் எரிந்து செத்தவர். மகனுக்கு அதைத் தொடவே பயம். நம் பையன்கள் இந்தப் படத்தில் விழுந்ததற்கு வேகம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அப்பா விட்டுப்போன ஒரு பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி அது. தோட்டம் விட்டு வந்த வீடுகளில் அந்தக் கேள்வி உண்டு, பொருள்தான் இல்லை. உளியும் வாளியும் மங்கும் யார் எடுத்து வைத்தார்கள்?

இந்த இடத்தில் ஒரு சுலபமான கவிதை வாசலில் நிற்கிறது. மசல் கார் டயர் கிளப்பும் புகையில் நம் பாட்டி சீவிய பால் இருக்கிறது என்று எழுதிவிடலாம், கைதட்டும் கிடைக்கும். உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்கா செயற்கை ரப்பரில் முழுமூச்சாக இறங்கியது. 60-களில் அங்கே ஓடிய கார் டயர்களில் பெரும்பங்கு அதுதான். ஆனால் வேறொரு தொடர்பு இருக்கிறது. ஜிடிஓ காரின் சிவப்புக் கோடு போட்ட 'டைகர் பா' டயரைச் செய்த யு.எஸ். ரப்பர் கம்பெனிக்குக் கெடாவில் பீடோங் பக்கம் தோட்டம் இருந்தது, ஹார்வர்ட் தோட்டம். பெரட்டுக்கு நின்ற நம் ஆட்களுக்கும் அந்தப் புலிப் பாதத்துக்கும் ஒரே முதலாளி. உருவகத்தைவிட இது கனமான செய்தி.

நம் தோட்ட எழுத்துக்கும் இந்தக் கார் ஏக்கத்தின் நோய் உண்டு. பனி, கித்தாக் காடு, லயம், மாரியம்மன் திருவிழா, படச்சீலை கட்டிப் போட்ட எம்.ஜி.ஆர். படம். எல்லாம் வருகிறது. நாள் கூலி எவ்வளவு, மழை பெய்தால் அன்றைக்குச் சோறு எப்படி, தோட்டம் விற்றதும் லயத்தை விட்டுப் போகச் சொன்ன கடிதத்தில் என்ன இருந்தது என்பது வருவதில்லை. "அந்தக் காலம் போல வருமா" என்று பெரியவர்கள் சொல்வதை நான் கேலி செய்யவில்லை. பசியோடு சேர்ந்து இருந்த உறவும் போய்விட்டது, அந்த இழப்பு நிஜம். ஆனால் அவர்கள் அதைச் சொல்லும்போது கூலிக் கணக்கும் கூடவே வரும். இறக்கி எழுதும் நாம்தான் கணக்கை விட்டுவிட்டுப் பனியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். லகாட்டுக்குத் தெற்கே பத்து காஜாவில் நிற்கும் கெல்லி மாளிகையைப் பாருங்கள். கட்டிய தென்னிந்தியத் தொழிலாளிகளை விட்டுவிட்டு, கட்டச் சொன்னவர் பெயரில் நிற்கிறது. கல்யாணப் படம் எடுக்க நல்ல இடம்.

கார் ரசிகர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. பழைய மசல் காரை அசல்போலவே மீட்டெடுக்கும் கைகாரர்கள், ஆலையில் சோதனை பார்த்தவர் சாக்கால் கிறுக்கிய அடையாளங்களைக்கூட அதே இடத்தில் மறுபடி போடுகிறார்கள். சிந்திய பெயிண்டையும் சிந்தியபடியே வைக்கிறார்கள். அவ்வளவு அக்கறை. ஆனால் கிறுக்கிய கை யாருடையது என்ற கேள்வியோடு அக்கறை நின்றுவிடுகிறது.

பால்மரத்திலும் அப்படிக் கிறுக்கல் உண்டு. உளி ஆழமாக இறங்கினால் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் மறுபடி வளரும். "மரத்தக் காயப்படுத்திட்டியே" என்று திட்டு விழும், சமயத்தில் கூலியும் போகும். அந்த முண்டைத் தொட்டுப்பார்த்து, அன்று காலை அந்தக் கை ஏன் தடுமாறியது என்று கேட்கிற கதைகள் நமக்குக் குறைவாகவே இருக்கின்றன. சார்ஜர் மேல் ஆசைப்படுங்கள், தப்பே இல்லை. நானும் ஆசைப்படுகிறவன்தான். எழுத உட்காரும்போது மட்டும் பூட்டியவன் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து கார் வேறு மாதிரித் தெரியும், தோட்டமும்தான்.