"சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன": கார் டச் ஸ்கிரீன் அப்டேட் குறிப்புகள் பற்றி ஒரு விமர்சனம்

கார் டச் ஸ்கிரீனுக்கு அப்டேட் வரும்போது கூடவே ஒரு குறிப்பும் வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன. செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது." கீழே இரண்டு பட்டன். இப்போதே போடவா, அப்புறம் போடவா. அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அந்த இரண்டு வரியைப் பற்றியது. நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். எத்தனையோ பேர் பார்த்துவிட்டு "சரி" என்று அழுத்துகிற இந்த எழுத்தை யாரும் உட்கார்ந்து வாசித்து இது தேறுமா என்று சொல்வதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேறாது. சாஃப்ட்வேரில் பிழை வருவது சகஜம், அதை நான் குறை சொல்லவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கிரீன் மக்கர் பண்ணும்போது நாம் திசை தெரியாமல் திண்டாடுகிறோமே, அதற்குப் பெரிய காரணம் இந்தக் குறிப்பு சொல்லாமல் விடுகிற விஷயங்கள்.

முதல் கேள்வி

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். எங்கள் வேலையில், நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாறுச்சு?" மாறியது தெரிந்தால் தேட வேண்டிய இடம் சுருங்கும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு முதலில் இருந்து அடுக்க வேண்டியதுதான்.

கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லப்படும் வைத்தியம் எல்லாம் இந்த இரண்டாவது வகை. கேலி பண்ணவில்லை, பல நேரம் வேலை செய்யும். ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எப்போது செய்யாது என்பதும் தெரியும்.

பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடிப்பது: சாவியைத் திருப்பி எடுத்தாலும் நிறைய கார்களில் ஸ்கிரீன் முழுசாக அணையாது, தூங்கப் போகும். மறுநாள் அதே நிலையில் எழுந்திருக்கும். அழுத்திப் பிடித்தால்தான் உண்மையான ரீஸ்டார்ட். தற்காலிகக் கோளாறு இதில் போய்விடும்.

ப்ளூடூத் இணைப்பை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பது: போனும் காரும் முதல்தடவை சேரும்போது ஆளுக்கொரு சாவி சேமித்துக்கொள்கின்றன. எதிராளி என்னென்ன வேலை செய்வான் என்ற பட்டியலையும் போன் நினைவில் வைத்திருக்கும். அப்டேட்டில் கார் பக்கம் அது மாறினால் போன் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பேசும். பாட்டு கேட்கும், கால் பேசினால் சத்தம் வராது. அதனால் போனிலும் அழிக்கணும், காரிலும் அழிக்கணும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் வம்பு தீராது.

ஃபேக்டரி ரீசெட்: பழைய செட்டிங்ஸைப் புது சாஃப்ட்வேர் தப்பாகப் படிக்கிறது என்றால் இது உதவும். ஆனால் இது பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழி கிடையாது. பிழை புது வெர்ஷனிலேயே இருந்தால் வீட்டு முகவரி, சேமித்த எண்கள் எல்லாம் போனதுதான் மிச்சம்.

பென் டிரைவில் அப்டேட் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. நிறைய செட்டுகள் ஃபேட்32 வடிவத்தை மட்டும்தான் படிக்கும். ஃபைல் காட்டவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள். பாதியில் கரண்ட் போகாமல் இருக்க, கம்பெனி சொல்கிறபடி எஞ்சினை ஓட விடுவதும் முக்கியம்.

இந்த நாலும் காய்ச்சல் என்றாலே ஒரே மாத்திரை கொடுக்கிற மாதிரிதான். கேட்டால் போகும், கேட்காவிட்டால் அடுத்த மாத்திரை. என்ன காய்ச்சல் என்று சொல்ல வேண்டிய ஆள் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு அப்டேட், ஒரு ஸ்கிரீன்

சிக்கல் இன்னும் ஒரு படி கூடும். ஆண்ட்ராய்ட் ஆட்டோ உங்கள் காரில் ஓடுகிற மாதிரித் தெரிந்தாலும் அது ஓடுவது போனில். பிளே ஸ்டோர் ராத்திரியோடு ராத்திரியாக அதை அப்டேட் செய்துவிடும், நமக்குச் சொல்லாது. ஐபோன்காரர்களுக்கு ஐஓஎஸ் மாறும்போதெல்லாம் கார்பிளே மாறும். கார் அப்டேட்டும் போன் அப்டேட்டும் ஒரே வாரத்தில் வந்தால் குற்றவாளி யார்? சர்வீஸ் சென்டர் "போன் பிரச்சனை சார்" என்பார்கள். போன் கடைக்காரர் "கார்ல போய்க் கேளுங்க" என்பார்.

பேரையூரில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவர் போன வருஷம் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஃப்ரீ சர்வீஸுக்கு விட்டு எடுத்ததுல இருந்து மேப் பேச மாட்டேங்குது. அவங்க ஏதாச்சும் மாத்துனாங்களான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஆயில், ஃபில்டர், வீல் அலைன்மென்ட் எல்லாம் ரூபாய் பைசாவோடு இருந்தது. சாஃப்ட்வேர் பற்றி ஒரு எழுத்து இல்லை. அவருக்கு அதைக் கேட்கத் திருமங்கலம் தாண்டி மதுரைக்குப் போகணும், ஒரு நாள் சவாரி போகும். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. ஸ்கிரீனில் வெர்ஷன் எண் இருந்தது, ஆனால் முன்னால் என்ன எண் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது அந்த எண்ணை வைத்து என்ன செய்வது?

மூன்று கதைகள்

வெளிநாட்டில் நடந்த மூன்று விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2016 ஜூனில் அமெரிக்காவில் லெக்ஸஸ் கார்களின் ஸ்கிரீன்கள் திடீரென்று அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தன. யாரும் எந்த பட்டனையும் அழுத்தவில்லை. டிராஃபிக், வானிலை விவரம் அனுப்புகிற சேவையில் இருந்து தப்பான டேட்டா வந்திருக்கிறது, 2014 முதல் 2016 வரையிலான மாடல்களின் செட்டால் அதைச் சமாளிக்க முடியவில்லை. வலுக்கட்டாயமாக ரீசெட் செய்து அந்த டேட்டாவைத் துடைக்க வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் சியாட்டிலில் 94.9 எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டா கார்காரர்களுக்கு அதே கதி. 2014 முதல் 2017 வரையிலான மாடல்கள். ரேடியோ நிலையம் ஒலியோடு படமும் அனுப்பும். அந்தப் படங்களில் சிலவற்றுக்கு ஃபைல் பெயரின் கடைசியில் வர வேண்டிய எக்ஸ்டென்ஷன் இல்லை. செட் குழம்பிப்போய்த் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது, ரேடியோ அந்த ஒரே நிலையத்தில் மாட்டிக்கொண்டது. பாகத்தையே மாற்ற வேண்டி வந்தது.

மூன்றாவது 2023 நவம்பர். ரிவியன் கம்பெனி 2023.42 என்ற அப்டேட்டைத் தப்பான பாதுகாப்புச் சான்றிதழோடு அனுப்பிவிட்டது. ஸ்கிரீன்கள் செத்துப்போயின. ஆனால் கம்பெனியின் சாஃப்ட்வேர் துணைத் தலைவரே வெளிப்படையாக எழுதினார்: எந்த வெர்ஷன், என்ன தப்பு, கார் ஓடுமா ஓடாதா, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று.

முதல் இரண்டு கதையிலும் கார்காரர் எத்தனை தடவை ப்ளூடூத்தை அழித்துச் சேர்த்தாலும் பிரயோஜனம் இல்லை. காரணம் வெளியே இருந்தது, சொன்னால் ஒழியத் தெரியாது. மூன்றாவதில் தப்பு பெரிசு, ஆனால் யாரும் தன் போனைச் சந்தேகித்துப் பொழுதை வீணாக்க வேண்டியிருக்கவில்லை. குறிப்பு நன்றாக இருந்தால் பிழை குறையாது. பிழையால் வரும் அலைச்சல் குறையும்.

பாட்டுப் பெட்டி தானே என்று விடலாமா

"ரேடியோ பாடலைன்னா என்ன, வண்டி ஓடுதுல்ல" என்று கேட்பவர்கள் உண்டு. இன்று பல கார்களில் ஏசியும், ரிவர்ஸ் கேமராவும் அதே ஸ்கிரீனுக்குள். அமெரிக்காவில் 2018 மே முதல் புது கார்களில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்ட 2 விநாடிக்குள் படம் வந்தாக வேண்டும். அதனால் ஸ்கிரீன் சாஃப்ட்வேர் பிழை அங்கே பாதுகாப்புக் குறைபாடாகி ரீகால் வரைக்கும் போகிறது. 2025-ல் ஃபோர்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இப்படி ஒரு கேமரா சாஃப்ட்வேர் பிழைக்காக ரீகால் செய்தது. நம் ஊரில் 2019 ஜூலை முதல் கட்டாயமானது பின்பக்க சென்சார்தான், கேமரா இல்லை. ஆகவே அங்கே ரீகால் ஆவது இங்கே "கம்ப்ளெயின்ட்" என்ற அளவில் நின்றுவிடும்.

நம் நாட்டில் முடியாதது ஒன்றும் இல்லை. 2023 ஜூனில் கியா கம்பெனி 30,297 கேரன்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்பீடு காட்டுகிற டிஜிட்டல் கிளஸ்டர் பூட் ஆகும்போது பிழை வந்து வெறுமையாகிவிடலாம் என்பது காரணம். 2022 செப்டம்பரில் இருந்து 2023 பிப்ரவரி வரை செய்த வண்டிகள் என்று தெளிவாகச் சொன்னார்கள், இலவச அப்டேட் கொடுத்தார்கள். எந்த வண்டி, என்ன பிழை, என்ன தீர்வு: மூன்றும் இருந்தது. ரீகால் என்றால் வாய் திறக்கிறது. சாதாரண அப்டேட்டில் மட்டும் ஏன் மூடிக்கொள்கிறது?

சட்டம் சொல்வது

ஐநா ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 156-ஆம் எண் ஒழுங்குமுறை கார் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கென்றே எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் இருந்து எல்லாப் புது கார்களுக்கும் பொருந்தும். அப்டேட் போடும் முன் அதன் நோக்கம், வண்டியின் செயல்பாட்டில் என்ன மாறும், எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் எது வேலை செய்யாது என்று ஓட்டுநருக்குச் சொல்லணும். தோற்றுப்போனால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பணும், அல்லது வண்டி பாதுகாப்பான நிலையில் நிற்கணும். முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று சொல்லணும். இந்தியாவிலும் இதே விஷயத்துக்கு ஏஐஎஸ்-190 என்ற தரநிலை எழுதப்பட்டிருக்கிறது.

ஐநா விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்ற பகுதி, காற்று வழியாக வரும் அப்டேட்டுக்கு மட்டும். சர்வீஸ் சென்டரில் கேபிள் மாட்டியோ பென் டிரைவிலோ போட்டால் அந்தக் கடமை இல்லை. டிராவல்ஸ் தம்பிக்கு நடந்த மாதிரியான விஷயத்தை இந்த விதி தொடாது.

ஆனால் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தொடுகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். அதன் பிரிவு 2(11) சேவைக் குறைபாடு என்றால் என்ன என்று சொல்லும்போது, நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேர்த்திருக்கிறது. ஃபில்டர் மாற்றியதை எழுதத் தெரிந்தவர்களுக்கு வெர்ஷன் மாற்றியதை எழுதத் தெரியாதா?

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிற அப்டேட்டில் எல்லா விவரத்தையும் உடனே சொன்னால் திருடனுக்கு வழி காட்டிய மாதிரி ஆகும். அதற்கு "பாதுகாப்புக்கான அப்டேட், தள்ளிப்போடாதீர்கள்" என்று ஒரு வரி போதும். "மக்கள் படிக்க மாட்டாங்க" என்ற வாதம்தான் ஏற்க முடியாதது. இரண்டு வரியில் ஒன்றுமே இல்லாததால்தான் படிப்பதில்லை.

விவரம் இல்லாமலும் இல்லை. எக்ஸ்யூவி700 உருவானது செங்கல்பட்டு பக்கம் இருக்கிற மஹிந்திரா ரிசர்ச் வேலியில். அதன் ஸ்கிரீனுக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரைக் கொடுத்த விஸ்டியானுக்கும் சென்னையில் பொறியியல் மையம் உண்டு. எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஒவ்வொரு வெர்ஷனிலும் என்ன மாறியது என்று உள்ளே பட்டியல் இல்லாமல் சாஃப்ட்வேர் வெளியே போகாது. அதில் இருந்து ஐந்து வரி எடுத்து எழுத வேண்டும், தமிழிலும் எழுத வேண்டும். இப்படி:

"வெர்ஷன் 4.1-ல் இருந்து 4.2. ப்ளூடூத் பகுதி மாறியிருக்கிறது, போனை அழித்து மறுபடி சேர்க்க வேண்டி வரலாம். 25 நிமிடம் ஆகும், அதுவரை ரிவர்ஸ் கேமரா வராது. தெரிந்த குறை: சில போன்களில் மேப் குரல் தாமதமாக வரும். தோற்றால் தானாக 4.1-க்குத் திரும்பும்."

இது நானே எழுதிப் பார்த்த மாதிரிதான். இவ்வளவு இருந்தால் அந்தத் தம்பி மதுரைக்குப் போகாமலே பாதி வேலையை முடித்திருப்பார்.

அதுவரை நம் பதிவேட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். அப்டேட்டுக்கு முன்னால் வெர்ஷன் பக்கத்தை ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ. போனின் வெர்ஷனையும் ஆண்ட்ராய்ட் ஆட்டோ வெர்ஷனையும் குறித்து வையுங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். பிரச்சனை வந்தால் வேறு ஒரு போனைச் சேர்த்துப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு என்றால் சந்தேகம் கார் பக்கம் சாயும். வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் பழைய எண், புதிய எண் இரண்டையும் பில்லில் எழுதித் தரவும்." மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேச வேண்டி வந்தால் கையில் அந்தக் காகிதம் இருக்கும்.