எண்ணிக்கையும் ஏற்றமும்: 19ஆம் நூற்றாண்டு பேஸ்பால் மட்டை வீரர்கள்

அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தில், 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த மட்டை வீரர் யாவர் என வினவினால், ஏட்டைப் புரட்டி ஹியூ டஃபியின் பெயரைச் சொல்வோர் பலர். 1894ஆம் ஆண்டில் பாஸ்டன் குழுவில் ஆடிய அவர், ஆயிரத்துக்கு 440 என்னும் மட்டைச் சராசரி பெற்றார். அஃதாவது, ஆயிரம் வாய்ப்புக்கு 440 முறை நல்லடி அடித்துத் தளம் சேரும் திறம். எண் பெரிதுதான். எனினும் எண்ணை மட்டும் நோக்கித் தீர்ப்புரைப்பது திறனாய்வாகாது.

அவ்வெண் விளைந்த நிலத்தையும் நோக்குதல் வேண்டும். 1893இல் பந்தெறிபவர் நிற்குமிடம் 60 அடி 6 அங்குலத் தொலைவுக்குத் தள்ளப்பட்டது. அதற்கு முன்பு அவர் நின்ற கட்டத்தின் முன்கோடு 50 அடியில் இருந்தது. தொலைவு கூடவே, பந்தைப் பார்த்து அடிக்கக் காலம் கிடைத்தது. 1892இல் தேசிய லீக் முழுமைக்கும் 245 ஆக இருந்த சராசரி, 1894இல் 309 ஆயிற்று. அவ்வாண்டு பிலடெல்பியாக் குழுவில் மட்டும் நால்வர் 400ஐக் கடந்தனர். குழுவோ நான்காம் இடத்தோடு நின்றது! எளிய வினாத்தாளில் பெற்ற 90 மதிப்பெண்ணையும் கடிய வினாத்தாளில் பெற்ற 90ஐயும் ஒன்றெனக் கொள்ளும் ஆசிரியர் உளரோ?

1887ஆம் ஆண்டின் கதை இன்னும் விந்தையானது. எறிபவர் பிழையாக வீசிய பந்துகளால் அடிக்காமலே முதல் தளம் சென்றதையும் அவ்வாண்டில் நல்லடியாக எண்ணினர். செயின்ட் லூயிஸ் குழுவின் டிப் ஓநீல் இவ்வாறு 492 பெற்றார். அவற்றைப் பின்னர்க் கழித்தபோது எஞ்சியது 435. தேசிய லீக்கில் கேப் ஆன்சன் பெற்ற முதலிடமோ சாம் தாம்சனுக்கு உரியதாயிற்று.

1876இல் 429 பெற்ற ராஸ் பார்ன்ஸ், கோட்டுக்குள் விழுந்து வெளியே ஓடும்படி பந்தைத் தட்டுவதில் வல்லவர். 1877இல் அவ்வடி செல்லாதெனப்பட்டது. அவர் சராசரி 272க்கு இறங்கிற்று. விதியே அவரை வீழ்த்தியது என்பது பாதி உண்மை. அவ்வாண்டில் அவர் நோயுற்றும் இருந்தார்.

ஆதலின், விதி மாறியபோதும் நிலைத்து நின்றவரையே உரைகல்லாகக் கொள்ளுதல் தகும். டான் புரூதர்ஸ் அத்தகையவர். 1882, 1883, 1889, 1891, 1892 ஆகிய ஐந்தாண்டுகளில் தம் லீக்கில் முதலிடம் பெற்றார். தோளுக்கு மேல் கையுயர்த்தி எறிய 1884இல் தேசிய லீக் இசைவளித்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் முதல்வர். டஃபியினும் இவருக்கே முதன்மை தரலாம்.

ஆன்சனைப் பற்றி வேறொன்றும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. அவர் அடித்த நல்லடிகள் ஒரு கணக்கில் 3,011. மற்றொரு கணக்கில் 3,435. கறுப்பின வீரரோடு ஆட மறுத்தவருள் முன்னின்றவரும் அவரே. 1887 சூலையில் இன்டர்நேசனல் லீக், கறுப்பினத்தவரைப் புதிதாக அமர்த்துவதில்லை எனத் தீர்மானித்தது. அதில் பஃபலோ குழுவுக்கு ஆடிய பிராங்க் கிராண்ட் என்னும் கறுப்பின வீரர், பெரிய லீக் எதிலும் கால்வைக்கவே இயலவில்லை. அவர் பெயர் புகழவையில் இடம்பெற்றது 2006இல். நீக்ரோ லீக்குகளின் கணக்கும் 2024இல் பெரிய லீக் ஏட்டில் சேரவே, ஜாஷ் கிப்சன் 1943இல் பெற்ற 466 முதலிடம் ஏறி, டஃபியின் 440 கீழிறங்கியது. ஆயினும் அச்சேர்க்கை 1920 முதல் 1948 வரையுள்ள ஆட்டங்களுக்கே உரியது. கிராண்டின் ஆட்டம் அதில் அடங்கவில்லை.