பேக்பிளேஸ்: வீட்டுக் கணினிக்கு வெளியூரில் ஒரு பிரதி

வீட்டுக் கணினியில் எது எங்கே கிடக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமே இருப்பதில்லை. மகளின் அரங்கேற்ற வீடியோ டெஸ்க்டாப்பில் இருக்கும். மனைப் பத்திரத்தின் ஸ்கேன் டவுன்லோட்ஸில் இருக்கும். தாத்தா சொல்லச் சொல்ல அப்பா தட்டச்சு செய்த குடும்ப வரலாறு, டி டிரைவில் ‘நியூ ஃபோல்டர் 3’ என்ற பெயரில் இருக்கும். பேக்கப் மென்பொருள்கள் பலவும் ‘எதையெல்லாம் எடுக்கட்டும்?’ என்று கேட்டுத்தான் தொடங்குகின்றன. அந்தக் கேள்விக்கு எந்த வீட்டிலும் சரியான பதில் கிடையாது. பேக்பிளேஸ் அதைக் கேட்பதே இல்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது. இதை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2007-இல் தொடங்கப்பட்ட, கலிபோர்னியாவின் சான் மட்டேயோவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் இது. ஒரு கணினிக்கு ஒரு கட்டணம், அளவுக்கு வரம்பு இல்லை. கணினியோடு யூஎஸ்பியில் இணைத்திருக்கும் எக்ஸ்டர்னல் டிரைவும் அதே கட்டணத்தில் அடக்கம். தொடக்கத்தில் மாதம் 5 டாலராக இருந்தது படிப்படியாக ஏறி, 2023 அக்டோபரில் மாதம் 9 டாலர், ஆண்டுக்கு 99 டாலர் என்று ஆனது. நம் பணத்தில் வருடத்துக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்துக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிரைவே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்த டிரைவ் கணினி இருக்கும் அதே மேசை இழுப்பறையில்தான் இருக்கப்போகிறது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, கணினி வேறு பேக்கப் டிரைவ் வேறு என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. திருடனும் தீயும் அப்படித்தான். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருந்தாக வேண்டும். ஆன்லைன் பேக்கப்புக்குப் பணம் கொடுப்பது அந்தத் தூரத்துக்காகத்தான்.

கணக்கு தொடங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். நம் ஃபைல்கள் அமெரிக்கா, ஐரோப்பா என எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்பதை அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அதே கணக்கில் மாற்ற முடியாது. பதினைந்து நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். விண்டோஸ், மேக் இரண்டுக்கும் உண்டு. லினக்ஸுக்கு இந்த வீட்டுத் திட்டம் கிடையாது. வீட்டில் நாஸ் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது ஆகாது. நெட்வொர்க் வழியாக இணைந்த டிரைவை இது தொடாது.

இன்ஸ்டால் ஆனதும் டிரைவ்களை ஒருமுறை அலசிவிட்டுத் தானாகவே வேலையைத் தொடங்கிவிடுகிறது. சின்ன ஃபைல்கள் முதலில் போகின்றன, பெரிய வீடியோக்கள் கடைசியில். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. கடிதங்கள், கணக்குகள், ஸ்கேன்கள் எல்லாம் முதல் சில மணி நேரத்திலேயே பத்திரமாகிவிடுகின்றன. அதனால் திரையில் ஜிபி கணக்கு மெதுவாகக் குறைந்தாலும், ஃபைல்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்குகிறது.

முதல் அப்லோட் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 500 ஜிபி இருக்கிறது, அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால், இடைவிடாமல் ஓடினாலும் ஏறத்தாழ 55 மணி நேரம். இங்கே பார்க்க வேண்டியது அப்லோட் வேகம். ஃபைபரில் பெரும்பாலும் ஏற்றமும் இறக்கமும் சமமாகக் கிடைக்கும். பழைய கேபிள் இணைப்புகளிலும் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் கிடைக்காது. ஹாட்ஸ்பாட்டை நம்பி இதில் இறங்க வேண்டாம். பல ஃபைபர் திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி வரை முழு வேகம் உண்டு. அப்லோடும் அந்தக் கணக்கில் சேரலாம். அரை டிபிக்கு அது தாராளம். நாலைந்து டிபி வைத்திருக்கும் கல்யாண வீடியோகிராபர்கள் மட்டும் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிரித்து ஏற்றத் திட்டமிட வேண்டும்.

மின்சாரம் போனால் என்ன ஆகும்? பெரிய ஃபைல்களைத் துண்டு துண்டாக அனுப்புவதால், கரண்ட் வந்ததும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்தே தொடர்கிறது. ஆனால் லேப்டாப் ஸ்லீப்புக்குப் போனால் அப்லோடும் நின்றுவிடும். முதல் சுற்று முடியும்வரை, சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் ஆகாதபடி விண்டோஸ் பவர் அமைப்பை மாற்றி வையுங்கள். பகலில் வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு என்று இருந்தால், பேக்பிளேஸின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் தானியங்கி வேகத்தை எடுத்துவிட்டு நீங்களே குறைத்துக்கொள்ளலாம். முதல் சுற்றுக்குப் பிறகு இது பின்னணியில் ஓடுவதே தெரிவதில்லை.

எல்லாவற்றையும் எடுக்கும் என்றேன். எடுக்காத சிலவும் உண்டு, தமிழ் வீடுகளுக்கு அவை முக்கியம். விண்டோஸ் ஃபோல்டரையும் புரோகிராம் ஃபைல்ஸையும் இது விட்டுவிடுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும் மென்பொருள்களையும் மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. நியாயமான கணக்குதான். ஆனால் ஃபான்ட்டுகள் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்தான் இருக்கின்றன. யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த கதை, கடிதம், மலர்க் கட்டுரை எல்லாம் அந்தந்த ஃபான்ட் இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும். புதுக் கணினியில் அந்த ஃபைலை மீட்டு எடுத்துத் திறந்தால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஃபைலில் ஒரு எழுத்துகூடத் தொலைந்திருக்காது; ஆனாலும் படிக்க முடியாது.

இதற்கு வழி எளிது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, தமிழ் ஃபான்ட்டுகள் எல்லாவற்றையும் டாக்குமென்ட்ஸுக்குள் ‘தமிழ் ஃபான்ட்டுகள்’ என்று ஒரு ஃபோல்டரில் காப்பி செய்துவிடுங்கள். அப்போது அவையும் பேக்கப்பில் சேர்ந்துவிடும். அதேபோல் எக்ஸ்இ, எம்எஸ்ஐ, ஐஎஸ்ஓ வகை ஃபைல்கள் இயல்பாகவே விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. பழைய பேஜ்மேக்கர் சிடியை ஐஎஸ்ஓவாக வைத்திருப்பவர்கள், இப்போது எங்கும் கிடைக்காத ஒரு தமிழ்ச் செயலியின் இன்ஸ்டாலரை வைத்திருப்பவர்கள், எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஃபைல் வகைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஃபைல் வகைகளை நீக்க அனுமதி உண்டு. விண்டோஸ் ஃபோல்டர் விலக்கை மாற்ற அனுமதி இல்லை. டேலியில் கணக்கு எழுதுபவர்கள், டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் வெளியே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்டிரைவ் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் மட்டும் தெரிந்து, திறக்கும்போதுதான் இறங்கும் ஒன்டிரைவ் ஃபைல்கள் உங்கள் டிஸ்க்கில் இல்லை. இல்லாததைப் பேக்பிளேஸால் எடுக்க முடியாது. ‘எனக்கு ஒன்டிரைவே போதும், கூகுள் டிரைவே போதும்’ என்று பலரும் சொல்வதைக் கேட்கிறேன். போதாது. அவை ஒரே ஃபைலை எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி வைத்திருக்கச் செய்யப்பட்டவை. குழந்தை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை அழித்தால் மேகத்திலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகிவிடும். ஒரு ஃபோல்டர் காணவில்லை என்பது வீட்டில் எப்போது தெரியவருகிறது? அடுத்த வருடம் அதே திருவிழாவுக்குப் பழைய போட்டோவைத் தேடும்போது. பேக்பிளேஸில் அழித்த ஃபைலையும் மாற்றிய ஃபைலின் பழைய வடிவத்தையும் ஒரு வருடம் வரை வைத்திருக்கக் கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் உங்கள் கணக்கில் அது 30 நாள் என்று இருக்கிறதா, ஒரு வருடம் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து, ஒரு வருடத்துக்கு மாற்றுங்கள். எக்ஸ்டர்னல் டிரைவுக்கும் இந்தக் கெடுதான்: 30 நாள் அமைப்பில் அத்தனை நாள் டிரைவைச் செருகாமல் விட்டால், அதன் பிரதி அங்கிருந்து போய்விடும்.

ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஏற்பதில்லை. இணையதளத்தில் நுழைந்து கணினியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், வீட்டு டிரைவில் இருக்கும் அதே ஃபோல்டர் வரிசை தெரிகிறது. எந்தத் தேதியில் இருந்த நிலை வேண்டும் என்று சொல்லலாம். வேண்டியதை டிக் செய்தால் ஜிப்பாகக் கட்டித் தயாரானதும் மின்னஞ்சல் வருகிறது. 2023-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து கணினியிலேயே ஒரு ரீஸ்டோர் செயலியும் உண்டு. ஜிப்பை அவிழ்க்கும் வேலையே இல்லாமல் நேராகச் சொன்ன ஃபோல்டரில் இறக்கிவிடுகிறது. பெரிய ஃபோல்டர்களுக்கு இதுதான் சரி. தமிழில் பெயர் வைத்த ஃபைல்களும் ஃபோல்டர்களும் எப்படி வருகின்றன என்பதுதான் என் முதல் சோதனை. ‘பாட்டி ஊர் வீடு’ ஃபோல்டர் கால், கொம்பு, புள்ளி எதுவும் சிதறாமல் அப்படியே வந்தது.

பெயர் சரியாக இருந்தால் போதாது, உள்ளிருப்பதும் அச்சாக அதேதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே ஒரு கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ட்டில் செர்ட்யூட்டில் கட்டளையின் ஹேஷ்ஃபைல் வசதியை மூல ஃபைலுக்கும் மீண்ட ஃபைலுக்கும் ஓட்டினால், இரண்டு நீண்ட எண்ணெழுத்து வரிசைகள் வரும். அவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஃபைலில் ஒரு பிட்கூட மாறவில்லை என்று பொருள். ஒரு வீடியோ, ஒரு ஸ்கேன், ஒரு பழைய பாமினி கடிதம் என்று எடுத்துப் பார்த்தேன்; மூன்றும் பொருந்தின. நீங்களும் இலவசக் காலத்துக்குள்ளேயே இதைச் செய்துவிடுங்கள், பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். மொத்தக் கணினியும் போய்விட்டால் ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டு அனுப்பச் சொல்லும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது கடல் கடந்து வர வேண்டும், சுங்க வரியும் நம் தலையில்தான். நல்ல ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு இறக்கிக்கொள்வதே மேல்.

அந்தப் பக்கம் ஃபைல்கள் எப்படி இருக்கின்றன என்பதை இந்த நிறுவனம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஒவ்வொரு ஃபைலும் 20 துண்டுகளாக 20 வெவ்வேறு சர்வர்களில் பிரித்து வைக்கப்படுகிறது. அவற்றில் எந்த மூன்று போனாலும் மீதி 17-ஐ வைத்து முழு ஃபைலையும் கட்டிவிடலாம். எந்த மாடல் ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பழுதாகிறது என்ற புள்ளிவிவரத்தையும் 2013 முதல் வெளியிட்டு வருகிறார்கள். 2024-இல் அவர்களிடம் இருந்த டிஸ்க்குகளின் ஆண்டுப் பழுது விகிதம் 1.57 சதவீதம். குளிரூட்டிய கூடத்தில், சீரான மின்சாரத்தில் ஓடுகிற டிஸ்க்குகளுக்கே இவ்வளவு என்றால், மே மாத வெயிலில் மேசைக்கடியில் ஓடும் நம் டிஸ்க்கை நினைத்துப் பாருங்கள்.

அந்தரங்கம் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை. நாமே ஒரு ரகசியச் சொற்றொடர் அமைத்துப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைக் கட்டாயம் அமையுங்கள். ஆனால் ரீஸ்டோர் செய்யும்போது அந்தச் சொற்றொடரை அவர்களிடம் கொடுக்க வேண்டும், பூட்டு அவர்கள் சர்வரில் திறக்கிறது. குடும்பப் போட்டோக்களுக்கு இதை நான் ஏற்றுக்கொள்வேன். கட்சிக்காரர்களின் கட்டுகளை வைத்திருக்கும் வழக்கறிஞருக்கும், செய்தி கொடுத்தவரைக் காக்க வேண்டிய பத்திரிகையாளருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு கோப்பியா, ரெஸ்டிக், டூப்ளிகாட்டி போன்ற இலவச மென்பொருள்கள் பொருத்தம். பூட்டுவதும் திறப்பதும் நம் கணினியிலேயே நடக்கும். இடத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும். இதே நிறுவனத்தின் பி2 சேமிப்பு, 2023 விலை உயர்வில் ஒரு டிபிக்கு மாதம் 6 டாலர் ஆனது. அந்த விலையில் அரை டிபி வைத்திருப்பவருக்கு 3 டாலர்தான். விலையும் குறைவு, லினக்ஸிலும் ஓடும். ஆனால் எந்த ஃபோல்டர் வேண்டும் என்று நாமே சொல்லி அமைக்க வேண்டும், பிழைச் செய்தி வந்தால் நாமே படித்துச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது அதில் ஆர்வம் இருந்தால் அந்த வழியில் போகலாம். இல்லையென்றால் பேக்பிளேஸ்.

எக்ஸ்டர்னல் டிரைவை விட்டுவிடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இதுபோன்ற ஆன்லைன் சேவைகள் ஒருநாள் நின்றுபோகலாம். கிராஷ்பிளான் வீட்டுத் திட்டத்தை 2017-இல் கைவிடுவதாக அறிவித்து அடுத்த ஆண்டு முடித்துக்கொண்டது. மோசியை கார்பனைட் 2018-இல் வாங்கிப் பிறகு மூடியது. அமேசான் டிரைவ் 2023 கடைசி நாளோடு நின்றது. வரம்பில்லாத வீட்டுத் திட்டம் என்பது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாவது கடினம்.

பணம் கட்டுவதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் கடுமையாகியிருப்பதால், வெளிநாட்டுச் சந்தாக்கள் இந்தியக் கார்டுகளில் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று உறுதியாக நம்ப முடியாது. பணம் வராத கணக்கின் பேக்கப்பை எந்த நிறுவனமும் நெடுநாள் வைத்திருக்காது. அதனால் மாதச் சந்தா வேண்டாம், ஆண்டுச் சந்தா எடுங்கள். முடியும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு மொபைலில் நினைவூட்டல் வையுங்கள், வீட்டில் இன்னொருவர் மொபைலிலும் சேர்த்து. கணக்கின் மின்னஞ்சல், பாஸ்வேர்டு, அந்த ரகசியச் சொற்றொடர் மூன்றையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி, வீட்டுப் பத்திரத்தின் நகல் எந்த உறவினர் வீட்டில் இருக்கிறதோ அங்கே கொடுத்து வையுங்கள். சொற்றொடர் தொலைந்தால் பேக்பிளேஸாலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது.