அறுபது என்ற எண் சொல்லாதவை

முகப்பேர் தொழிற்பேட்டையிலோ பக்கத்து அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பிரஸ் ஓட்டும் சின்னப் பட்டறையில் ஒரு பஞ்ச் உடைந்தால், மறுநாள் மாலைக்குள் மாற்றுப் பஞ்ச் டையில் ஏறிவிடும். 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ், 1966இல் பாடியில் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் என வளர்ந்த வட்டாரம் இது. வாகன ஆலைக்குச் சரக்கு போய்ச் சேரத் தாமதமாகக் கூடாது என்ற நெருக்கடியில்தான் இந்த வேகம் பழகிவந்தது. அதை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் அதே வேகத்தில் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஹார்டனிங் கடைக்குப் போகும் சலானில் '58–60' என்ற கடின எண்ணைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மாற்றுப் பாகத்துக்கு இங்கே பெரும்பாலும் எடுப்பது ஓ.எச்.என்.எஸ். உருக்கு. கடைசல் பிடிக்க எளிது, விலை கட்டுப்படியாகும். 790 முதல் 820 டிகிரி வரை சூடேற்றி எண்ணெயில் இறக்கினால் போதும் என்பதால் சின்ன ஃபர்னஸிலேயே வேலை முடியும். சாதா தகட்டில் சில ஆயிரம் துண்டு வெட்டும் டைக்கு இதைவிட விலை கூடிய உருக்கைப் போடுவது வீண். கிரைண்டிங் சக்கரத்தில் பொறியைப் பார்த்தே உருக்கைச் சொல்லும் மூத்த ஃபிட்டர்களின் கண்ணும் இந்த முறையின் பலம்தான். ஓ.எச்.என்.எஸ். பொறி நீண்டு வெளிர்மஞ்சளாய் நட்சத்திரமாக வெடிக்கும். டி2 உருக்கின் பொறி குட்டையாய், சிவந்து, அதிகம் வெடிக்காமல் அடங்கிவிடும். வகையைக் காட்டப் பெயின்ட் அடித்த முனை வெட்டுப்பட்டுப் போய், பெயர் தெரியாமல் மூலையில் கிடக்கும் கம்பித் துண்டுக்கு அந்தக் கண்தான் அடையாள அட்டை.

சிக்கல் சலானில் எழுதும் அந்த எண்ணில் இருக்கிறது. ராக்வெல் 'சி' சோதனையில் 150 கிலோ சுமையில் ஒரு வைரக் கூம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஒரு பாயின்ட் என்றால் 0.002 மில்லிமீட்டர். மேற்பரப்பு குழிவிழாமல் தாங்குமா என்பதை அது சொல்லும். அடி விழுந்தால் சில்லு தெறிக்குமா என்று சொல்லாது. 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் கொண்ட டி2 தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். மெல்லிய பஞ்ச்சில் பக்கவாட்டு அடி பட்டால் சில்லாகப் போகும். அதே டி2வை 1020 டிகிரியில் ஹார்டன் செய்து 200இல் டெம்பர் போட்டாலும் 60 வரும். 1070க்கு ஏற்றி 520இல் டெம்பர் போட்டாலும் 60க்கு அருகில் வரும். முதல் பஞ்ச்சைப் பிறகு 450 டிகிரி அளவில் நடக்கும் கோட்டிங்குக்கு அனுப்பினால் மென்மையாகிவிடும். இரண்டாவது தாக்குப்பிடிக்கும். சலானில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

இதைவிடப் பெரிய குறை, உடைந்த துண்டை யாரும் உட்கார்ந்து பார்க்காதது. அதைக் கையிலெடுத்துப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். முனை பூப்போல விரிந்திருந்தால் கடினம் போதவில்லை. விளிம்பு மழுங்கி, வெட்டிய தகட்டில் பிசிறு கூடியிருந்தால் அது தேய்மானம்; டி2வுக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. சில்லாக உடைந்திருந்தால் கடினத்தைக் குறைக்க வேண்டும், அல்லது எஸ்7 போல அடி தாங்கும் உருக்குக்குப் போக வேண்டும். ஆனால் பட்டறையில் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து: "இன்னும் ரெண்டு பாயின்ட் ஏத்திப் போடுங்க." சில்லு தெறித்த பஞ்ச்சுக்கு இது சீக்கிரமே இன்னொரு உடைப்பு.

விரிசல் எங்கே தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். பஞ்ச் தலைக்கும் தண்டுக்கும் நடுவே ரேடியஸ் விடாமல் சதுரமாக வெட்டிய மூலையிலிருந்து கிளம்பியிருந்தால் எந்த உருக்கும் காப்பாற்றாது. ஒயர்கட்டில் வெட்டி மெருகிடாமல் விட்ட பரப்பில் உருகி உறைந்த மெல்லிய, நொறுங்கும் படலம் இருக்கும். விரிசல் அங்கிருந்தும் கிளம்பும். தட்டையான பட்டையைக் குறுக்கே வெட்டிச் செய்த டி2 பஞ்ச்சில் கார்பைடு வரிசைகள் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடும். மிச்சத் துண்டைப் பயன்படுத்திக் காசை மிச்சம் பிடித்தோம் என்று நினைத்தால் உடைவதற்கான வரியை நாமே போட்டுக் கொடுத்ததாக ஆகிறது.

இந்த உடைப்புகளுக்கான பழியை ஹார்டனிங் கடைக்காரர் மேல் போடுவது எளிது, நியாயம் அல்ல. கூலி கிலோ கணக்கில். ஒரு பஞ்ச் இருநூறு கிராம் கூட இருக்காது. டி2வுக்கு இரண்டாவது டெம்பர் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஃபர்னஸை மறுபடி இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது. உருக்கின் பெயரே வராத சலானை வைத்துக்கொண்டு எந்த வெப்பத்தில் போடுவது என்று அவரே ஊகிக்க வேண்டியிருக்கிறது. சின்னப் பாகத்துக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி பேசி, இரண்டாவது டெம்பருக்குத் தனித் தொகை கொடுக்கலாம். சலானில் உருக்கின் பெயர், பழைய பஞ்ச் போன விதம், பிறகு கோட்டிங் உண்டா என்ற மூன்றையும் எழுதி, உடைந்த துண்டையும் கூடவே அனுப்பலாம். இதனால் மறுநாள் மாலை என்ற கெடு சில மணி நேரம் தள்ளிப்போகும். அந்த நேரத்தைக் கொடுக்க உரிமையாளர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஹார்டனிங் கடையால் அதைத் தானாகச் செய்ய முடியாது.