கட்டாரியின் காலமும் பெயரும்: ஒரு மதிப்பீடு

தெற்காசியப் பழங்கத்திகளைத் திரட்டுவோர் நெடுங்காலமாக எகர்ட்டன் 1880இல் வெளியிட்ட கையேட்டையும் ஸ்டோன் 1934இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தையுமே பெரிதும் சார்ந்து வந்துள்ளனர். வடிவத்தைக் கண்டு பெயரிடுதல் என்னும் அவ்வழக்கிலிருந்து, 2004இல் வெளிவந்த ராபர்ட் எல்குட்டின் ‘ஹிந்து ஆர்ம்ஸ் அண்ட் ரிச்சுவல்’ விலகிச் செல்கின்றது. தென்னிந்தியப் படைக்கலங்களை அரசவை, சடங்கு, கோயிற்சிற்பம் ஆகியவற்றோடு இணைத்து நோக்கியதே அந்நூலின் சிறப்பு எனலாம்.

இவ்வணுகுமுறையின் பயனைத் தஞ்சாவூர்க் கட்டாரிகள் காட்டுகின்றன. இரு பக்கச் சட்டங்களுக்கிடையே அமைந்த குறுக்குப்பிடியும், புறங்கையை மறைக்கும் வளைந்த தகடும் அவற்றின் அடையாளம். 1855இல் தஞ்சை மராட்டிய அரசு முடிவுற்றபின் அவ்வரண்மனைப் படைக்கலங்கள் சிதறின. ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவற்றுட் பல, ஐரோப்பிய வாள் அலகினை உள்ளூர்ப் பிடியில் தறைந்து செய்யப்பட்டவை. எனவே அலகு, பிடி, இரண்டும் இணைந்த காலம் என ஒரே பொருளுக்கு மூன்று காலங்கள் உண்டு. ஒற்றை நூற்றாண்டைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு இவ்வுண்மையை மறைத்துவிடுகின்றது. அலகைப் பளபளப்பாகத் தேய்க்கும் சேகரிப்பாளரோ தறையாணியின் தடங்களையும் சேர்த்தே அழித்துவிடுகின்றார்.

சிற்பச் சான்றுக்கும் எல்லை உண்டு. மதுரைப் புதுமண்டபத்து நாயக்கர் சிலைகளின் இடையில் குத்துவாள் செருகப்பட்டுள்ளது. திருமலை நாயக்கர் காலத்தில் (1623-1659) அவ்வடிவம் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அது சான்றாகும். அவ்வடிவம் அப்போதுதான் தோன்றியது என்பதற்குச் சான்றாகாது. சிற்பி பழைய வடிவத்தை மீண்டும் வடிக்கலாம். வீரனும் பாட்டன் ஆயுதத்தை ஏந்தலாம்.

பெயரைப் பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. சேகரிப்பாளர் குறுக்குப்பிடி கொண்ட எல்லாவற்றையும் ‘கட்டார்’ என்பர். அயினி அக்பரியிலோ ‘ஜம்தர்’ என்னும் பெயரும் பயில்கின்றது. தமிழ் அகராதிகள் கட்டாரிக்குக் குத்துவாள் என்றே பொதுப்படப் பொருள் கூறுகின்றன. பிடியின் அமைப்பைச் சுட்டுவதில்லை. ஆகவே, இலக்கியத்தில் வரும் ஒவ்வொரு கட்டாரியையும் குறுக்குப்பிடி ஆயுதமாகக் கொண்டு மாணவர்க்கு விளக்குவது பொருந்தாது.

வடிவம் மாறியும் பெயர் நிற்கும். பெயர் மாறியும் வடிவம் நிற்கும். இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து, பின்னரே பொருத்துதல் வேண்டும். அப்பணிக்குப் படைக்கல அறிஞரின் கண்ணோடு தமிழாசிரியரின் சொல்லறிவும் இன்றியமையாதது.